கால் பலம் பார்க்கும் பெட்டி

என் பேத்தியின் காலில் பலம் குறைகிறது என்று உள்ளங்கை அகலமே உள்ள ஒரு பெட்டி சொன்னது. நான் நம்பவில்லை. பெட்டியை மட்டுமல்ல, அதைப் பிடித்த கையையும், அதைப் படித்துச் சொன்ன வாயையும், கேட்டுத் தலையாட்டிய டாக்டரையும் சேர்த்துத்தான் நம்பவில்லை.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் சந்தேகத்தின் மதிப்பு தெரியும். மலேசியாவில் பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இப்போது அங்கே ரப்பரும் இல்லை, ஆட்கள் குடியிருந்த லயமும் இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அம்மா தூக்கி வந்த ரப்பர் பாலை நிறுக்கும்போது முள்ளைப் பார்க்காமல், கணக்கெழுதும் கிராணியின் செருப்பு முனை தராசுத் தட்டுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்று பார்த்து வளர்ந்தவன். பிறகு ஈப்போவுக்கு வந்து ஒரு சீன முதலாளியிடம் லாரி டயர் கழற்றினேன். இன்று அதே ஊரில், புந்தோங்கில் என் பெயர் போட்ட டயர் கடை இருக்கிறது. மாடி வைத்த வீடு இருக்கிறது. எவன் தயவும் இல்லாமல் வந்தவை அவை. கடையில் காற்று பார்க்கிற கேஜ் மூன்று வைத்திருக்கிறேன். ஒரே டயருக்கு மூன்றும் மூன்று விதமாகக் காட்டும். அளக்கிற சாமான்களைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மகளும் பேத்தியும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். மருமகனுக்குத் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை வேலை. வாரக் கடைசியில் வருவார். பேத்திக்கு எட்டு வயது. பள்ளியில் விளையாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒரு நாள் மகளைக் கூப்பிட்டு, பிள்ளை தரையிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழுகிறாள், படியேறினால் பின்தங்குகிறாள், இரண்டு முறை விழுந்தும் விட்டாள் என்று சொல்லியிருக்கிறார். மகள் வந்து சொன்னதும் எனக்கு அந்த டீச்சர் மேல்தான் சந்தேகம் வந்தது. விழுந்த பிள்ளைக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று முன்கூட்டியே காலைக் குறை சொல்கிறாரோ என்று நினைத்தேன்.

"சோம்பேறித்தனம் லா அது. ஃபோனப் பிடுங்கி வச்சா ஓடுவா" என்றேன்.

"அப்பா, நீங்க அவ எந்திரிக்கிறத ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா?" என்றாள் மகள்.

பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் காரை எடுத்தேன்.

மருத்துவமனையின் பெயர் வேண்டாம். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசினார். அப்படி மெல்லப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் கூடுதல் கவனமாக இருப்பேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார். கால் தசையின் பலத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடியும் அளக்க வேண்டும். குறையாமல் இருந்தால் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். குறைந்திருந்தால் கோலாலம்பூருக்கு அனுப்பி, தொடையிலிருந்து சின்னதாகத் தசை எடுத்துச் சோதிக்க வேண்டியிருக்கும். தசை நாளுக்கு நாள் தேய்கிற வியாதி இருக்கிறதாம். அதுதானா, வேறா என்று அப்போதுதான் தெரியுமாம்.

எட்டு வயதுப் பிள்ளையின் தொடையிலிருந்து சதை எடுப்பதா? மகள் அந்த நேரத்தில் பேத்தியின் காதைப் பொத்துவது போல அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். எனக்கு உடனே தோன்றியது, இந்த டாக்டருக்கும் கோலாலம்பூரில் இருக்கிற டாக்டருக்கும் என்ன உறவு என்பதுதான்.

குடும்பத்தில் யாருக்காவது நடக்க முடியாமல் போயிருக்கிறதா என்றும் டாக்டர் கேட்டிருந்தார். மருமகனும் அன்றைக்கு விடுப்பு போட்டுக் கூட வந்திருந்தார். வீடு திரும்பும்போது காரில் அந்தப் பேச்சை நான்தான் ஆரம்பித்தேன்.

"ஒங்க பக்கம் ஒரு சித்தப்பா கட்டில்லயே கெடந்தாருன்னு கல்யாணத்தப்போ யாரோ சொன்னாங்க. அதை எங்ககிட்ட மறைச்சிட்டீங்களா?"

"மாமா, அவரு பாலத்துல மோட்டார் சைக்கிளோட விழுந்தவரு. அதுல என்னா பரம்பரை இருக்கு?" என்றார் மருமகன்.

"அப்படித்தான் சொல்வீங்க."

"அப்பா, போதும் லா" என்றாள் மகள். "நம்ம பெரியப்பா நாப்பது வயசுலயே கம்பு ஊனி நடந்தாரே. அதை இவரு கேட்டாரா?"

என் அண்ணன் நடையில் கம்பு வந்தது கள்ளுக்கடையால் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவில்லை. காரை ஓட்டிய மருமகன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை அளந்தவன் ஒரு சீனப் பையன். பிசியோ என்கிறார்கள். இருபத்தைந்து வயது இருக்கலாம். பேத்தியைக் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்காரவைத்தான். அந்தப் பெட்டியைக் கையில் வைத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே முன்பக்கமாக ஒட்டிப் பிடித்தான். பிள்ளை காலை நீட்டி அவன் கையைத் தள்ள வேண்டும், அவன் விட்டுக்கொடுக்காமல் பிடித்திருப்பான். எவ்வளவு பலமாகத் தள்ளுகிறாளோ அது பெட்டியில் கிலோவாக எழும். அவ்வளவுதான் விஷயம்.

"தெண்டாங்! தெண்டாங்! கோல் போடு!" என்று அவன் மலாயில் கத்தினான். உதை, உதை என்று பந்தாட்டத்தில் கத்துவார்களே, அது. பேத்தி சிரித்துக்கொண்டே உதைத்தாள். அவன் ஐயோ என்று பின்னால் சாய்வது போல் நடித்தான். ஒரு காலுக்கு மூன்று தடவை. வலது கால் பதினொன்று, இடது கால் ஒன்பது.

"ஏன் மூணு தடவை?" என்று மலாயில் கேட்டேன்.

"பிள்ளைங்க முதல்லயே முழு பலத்தையும் காட்ட மாட்டாங்க அங்கிள். மூணுல பெருசை எடுத்துக்குவோம்."

மூன்றில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிற வேலை எனக்குத் தெரியாததா? அதோடு வைத்தியம் பார்க்கிற இடத்தில் விளையாட்டு என்ன, நடிப்பு என்ன. கடையில் ஒரு பையன் இப்படி வேலை செய்தால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன். வெளியே வந்ததும் கவுண்டரில் நின்று சத்தமாகச் சொன்னேன்: அடுத்த தடவை நம்ம ஆள் வேண்டும், தமிழ் தெரிந்த ஆள், பொறுப்பான ஆள். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் காரியம் நடந்தது. கேட்கிற விதத்தில் கேட்டால் எனக்கு நடக்காமல் போனது கிடையாது.

இடைப்பட்ட மாதங்களில் நான் வேவு பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மாலையில் முட்டை. மாடிப்படியின் கீழே தினத்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்து, அவள் ஏறுவதை ஓரக்கண்ணால் பார்ப்பேன். கைப்பிடியைப் பிடித்து ஏறுவாள். வேண்டுமென்றே பென்சிலைக் கீழே போட்டு எடுக்கச் சொல்வேன். எழும்போது கை தொடைக்குப் போகிறதா என்று பார்ப்பேன். சில நாள் போகும், சில நாள் போகாது. போகாத நாளில் டாக்டர் பொய்யர். போன நாளில் பேத்தி என்னைப் பார்த்துவிட்டு நடிக்கிறாள்.

"தாத்தா, ஏன் போலீஸ்காரங்க மாதிரியே பாக்குறீங்க?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள்.

"பேப்பர் படிக்கிறேன் லா."

"பேப்பரு தலைகீழா இருக்கு."

இரண்டாம் தடவை போனோம். கேட்டபடி தமிழ்ப் பெண்மணி. ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, கொண்டை, கழுத்தில் தாலிக்கொடி. பார்த்தவுடன் எனக்குத் திருப்தி. ஊர் விசாரித்தேன். சித்தியவான் என்றார். சித்தியவானில் எங்கே என்றேன். தோட்டத்தைச் சொன்னார். என் மனைவியின் தங்கையைக் கொடுத்த தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டம் அது. பிறகு என்ன, சொந்தம் மாதிரி ஆகிவிட்டது.

"அத்தைக்கு வணக்கம் சொல்லு" என்றேன் பேத்தியிடம்.

அவள் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னாள். நல்ல வளர்ப்பு என்று அந்தப் பெண்மணியே மகளிடம் சொன்னார். அதில் எனக்குப் பங்கு உண்டு என்று நானும் சொன்னேன்.

அதே கட்டில், அதே பெட்டி. பெண்மணி குட்டை நாற்காலியில் எதிரே உட்கார்ந்து பெட்டியைக் காலில் ஒட்டிப் பிடித்தார். "ம், அத்தைய நல்லா உதை பாக்கலாம். தள்ளு, தள்ளு, தள்ளு." பேத்தி உதட்டைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். சிரிப்பு இல்லை. மூன்று மூன்று தடவை ஆயிற்று. பெண்மணி பழைய கணக்கைக் கணினியில் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். முகம் மாறியது.

"வலது எட்டு. இடது ஆறு" என்றார் மெல்ல.

மகள் உட்கார்ந்துவிட்டாள். உட்கார நாற்காலி இருக்கிறதா என்று கூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். நல்ல வேளை இருந்தது. மூன்று மாதத்தில் பதினொன்று எட்டாகிவிட்டது. ஒன்பது ஆறாகிவிட்டது. டாக்டர் சொன்ன தேய்கிற வியாதிக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கோலாலம்பூருக்குப் போக வேண்டியதுதான், தொடையில் கத்தி படத்தான் போகிறது.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயந்தால் சும்மா நின்று பழக்கமில்லை, சண்டை போட்டுத்தான் பழக்கம்.

"அந்தப் பொட்டி ரிப்பேர்" என்றேன்.

"இல்லங்கண்ணே, காலையிலதான் செக் பண்ணோம்."

"எவன் செக் பண்ணான்? அன்னைக்கு அந்தப் பையன் பிடிச்சப்ப ஒரு கணக்கு, இன்னைக்கு நீங்க பிடிச்சா ஒரு கணக்கு. ஒங்களுக்குப் பிடிக்கத் தெரியல, இல்லாட்டி பொட்டி கெட்டுப்போச்சு."

"அப்பா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. அம்மா, என் கால்ல வச்சுப் பாருங்க. லாரி டயரு ஒண்டியா ஏத்துன காலு இது. இந்தக் காலுக்கும் அது ஆறுன்னு சொல்லுதா பாப்போம்."

பெண்மணிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கட்டிலைக் காட்டினார். பேத்தியை இறக்கிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டினேன். அவர் இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்து, தோளையும் கொடுத்து, "தள்ளுங்க" என்றார். நான் தள்ளினேன். எழுபது வயதைத் தாண்டிய கால். அவர் நாற்காலியோடு பின்னால் போனார். நாற்காலிக்குச் சக்கரம் இருந்தது என்பது உண்மைதான், ஆனாலும் போனார். சுவரில் முதுகு இடித்து நின்றார். எண்ணைப் பார்த்தோம். பெட்டி ஒன்றும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. என் காலுக்கு உரியதைக் கொடுத்திருந்தது.

"பொட்டி நல்லாத்தான் இருக்குண்ணே" என்றார் பெண்மணி, தோளைத் தடவிக்கொண்டு.

அதோடு என் கட்சி தோற்றது. பெட்டி சரியென்றால் கணக்கும் சரி. அப்போது பேத்தி என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். ரகசியம் மாதிரி சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"தாத்தா, அத்தைய உதைச்சிட்டீங்க. தொட்டுக் கும்பிடவே இல்ல."

எங்கள் வீட்டில் ஒருவர் மேல் கால் பட்டால், தெரியாமல் பட்டாலும், உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். புத்தகத்தின் மேல் பட்டாலும் அப்படித்தான். தோட்டத்தில் எங்கள் வீட்டில் இருந்த பழக்கம். மாடி வீட்டிலும் அதை விட்டுக்கொடுத்ததில்லை. போன தீபாவளிக்கு விளையாட்டாகச் சித்தியின் முதுகில் கால் வைத்ததற்கு பேத்தியை எத்தனை பேர் முன்னால் கும்பிட வைத்தோம் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

பெண்மணி நாற்காலியை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தார். பேத்தியின் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஏம்மா, அதனாலதான் மெதுவா தள்ளுனியா?"

பேத்தி என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லும்மா, யாரும் ஏச மாட்டாங்க."

"அத்தைக்கு வலிக்கும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "கால் பட்டா பாவம்" என்றாள்.

"அப்ப அந்தச் சீன அண்ணன மட்டும் உதைச்சியே?"

"அது ஃபுட்பால்."

மகள் அழுதாளா சிரித்தாளா என்று இன்றைக்கு வரை என்னால் சொல்ல முடியாது. பெண்மணி எழுந்து அலமாரியிலிருந்து அகலமான ஒரு வாரை எடுத்தார். அதைக் கட்டிலின் இரும்புக் காலில் சுற்றிப் பெட்டியை அதில் பூட்டினார். இப்போது பெட்டியைப் பிடிக்க மனுஷக் கை வேண்டாம். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று கேட்டேன். கையால் பிடிப்பதுதான் வழக்கம், முன்பு அளந்தது போலவே அளந்தால்தான் ஒப்பிட முடியும் என்றார். பதில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கென்னவோ இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

"இது வெறும் இரும்பு. உன் பலமெல்லாம் காட்டு" என்றார்.

பேத்தி கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலை நீட்டினாள். வார் விறைத்தது. கட்டில் கிறீச்சிட்டது. வலது பதினொன்றரை. மகள் எழுந்து நின்றாள். காலை மாற்றினார்கள். இடது கால் மூன்று தடவையும் ஒன்பதைத் தாண்டவில்லை.

டாக்டர் எண்களைப் பார்த்தார், நடந்ததையும் கேட்டார். கையால் பிடித்ததையும் வாரில் கட்டியதையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது, ஆனாலும் குறைந்துவிட்டது என்று சொல்ல இனிமேல் காரணம் இல்லை என்றார். கோலாலம்பூர் இப்போதைக்கு வேண்டாம். தினமும் பயிற்சி செய்யட்டும், மூன்று மாதம் கழித்து இதே வாரில் கட்டி அளப்போம். இடது கால் வலதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது, அதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதையும் அதே மெல்லிய குரலில் சொன்னார்.

நான் அந்தக் கடைசிப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. நான் மட்டும் சண்டை போட்டிராவிட்டால் பிள்ளையைக் கத்திக்குக் கொடுத்திருப்பார்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். "நீங்க நம்ம ஆளு வேணும்னு கேக்காம இருந்திருந்தா அந்தப் பையனே வந்து கோல் போடுன்னு கத்தியிருப்பான் லா" என்றாள் மகள். பெண் பிள்ளைகளுக்கு அப்பனைப் பாராட்ட வாய் வராது. ரேடியோவைப் போட்டேன்.

வீட்டில் பயிற்சி ஆரம்பித்தது. பிள்ளை கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டுவாள், எதிரே ஒருவர் உள்ளங்கையை வைத்துத் தடுக்க வேண்டும். முதல் நாள் மாலை மகள் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் முன்னே வந்து தரையில் உட்கார்ந்தேன்.

"தாத்தாவ உதைக்க மாட்டேன்" என்றாள் பேத்தி.

"டாக்டர் சொன்ன மருந்து இது. உதைக்கலாம்."

"மாட்டேன்."

யோசித்தேன். "சரி, மொதல்லயே தொட்டுக் கும்பிட்டுக்க. அப்புறம் உதை. கணக்கு சரியாயிடும்."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. குனிந்து என் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு வலது காலை என் கையில் வைத்துத் தள்ளினாள். நான் தடுத்தேன். கை முழங்கையில் மடங்கிப் பின்னால் போனது. நல்ல கால். என் வீட்டுக் கால். "பாரு, தாத்தாவையே தள்ளுற" என்றேன். அவள் சிரித்தாள்.

இடது காலை வைத்தாள். தள்ளினாள். நான் அதே அளவுதான் தடுத்தேன். என் கை பின்னால் போகவில்லை. கால் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு தொடையில் ஒரு நடுக்கம் எடுத்தது, பிறகு அது மெல்ல என் கையை விட்டு இறங்கியது. அவள் முகம் சிவந்திருந்தது, ஏமாற்றவில்லை. பெட்டி இல்லை, வார் இல்லை, பெண்மணி இல்லை, டாக்டர் இல்லை. என் கையும் அந்தக் காலும்தான் இருந்தன.

"எப்படிப்பா இருக்கு?" என்று அடுப்படியிலிருந்து மகள் கேட்டாள்.

எண்ணெய் சத்தத்தில் என் குரல் மாறுவது கேட்காது என்று நினைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு லா" என்றேன்.

பிறகு கையை மறுபடியும் வைத்து, கொஞ்சம் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை, இடது" என்றேன்.